அக்கா வீட்டில் சொல்லாத சொல்

எங்கள் வீட்டில் சாவு சம்பந்தமான சொல் எதுவும் எழும்பக்கூடாது. கோப்பாயில் எல்லாரும் செத்தல் மிளகாய் என்று வாங்குவதை அக்கா மட்டும் "காய்ஞ்ச மிளகாய்" என்றுதான் கேட்பாள். "இந்தியாவிலை இருந்து வந்தனீங்களோ?" என்று கடைக்காரன் பகிடி விடுவான். பகிடி விட வேறு விசயம் கிடைக்கவில்லை மூதேவிக்கு!

அக்காவின் ஒரே மகன் கடைசிச் சண்டையில் வன்னியில் காணாமல் போனான். உடலைக் கண்டவர் ஒருவரும் இல்லை. வாசல் படலைக்குப் பூட்டுப் போட அக்கா இன்றுவரை விட்டதில்லை. காற்றுக்குப் படலை தட்டினால் எழும்பிப் போய்ப் பார்ப்பாள். அவளை ஏசினாலும் எனக்கும் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் அடிக்கும். "அக்கா, கிரியையைச் செய்து அவனை அனுப்பு. பெடியன் அலையிறான்" என்று வருசக்கணக்காகச் சண்டை பிடித்தேன். அவள் மசியவில்லை.

போன ஆவணியில் தம்பிமாரின் பிள்ளைகள் மூன்று பேர் விடுமுறைக்கு வந்தார்கள். லண்டனிலிருந்து ஒருத்தி, கனடாவிலிருந்தும் சிட்னியிலிருந்தும் இரண்டு பெடியன்கள். இருட்டுவதற்கு முதலே கடை பூட்டுகிற யாழ்ப்பாணத் தெருவைப் பார்த்து லண்டன்காரி "டெட்" என்றாள். என்ன இது சாவுச் சொல் என்று அவள் வாயைப் பொத்தினேன். ஒன்றுமில்லையாம், உப்புச்சப்பில்லாத இடம் என்று அர்த்தமாம். நான் ஓட்டோக்காரனோடு பிடித்த சண்டையைக் கண்டு கனடாக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐ ஆம் டெட்" என்றான். சிட்னிக்காரன் வாய் திறந்தால் "டெட் செற்". அவர்களுடைய ஊரில் அது சத்தியமாக என்ற மாதிரியாம். ஒரு சொல், நாட்டுக்கு ஒரு சோலி!

மூன்று பேரையும் குசினிக்குள் கூப்பிட்டு, "பெரிய மாமிக்கு முன்னாலை உந்தச் சொல்லை எடுக்கக் கூடாது, விளங்குதோ?" என்று ஏசினேன். அதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

"விடடி. என்னெண்டு எனக்கும் சொல்லுங்கோவன், பிள்ளையள்."

அக்கா அவர்களை முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருந்தாள். அவர்கள் போட்டி போட்டு விளக்கினார்கள். அக்கா சிரித்துச் சிரித்துக் கேட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம்! பிறகு, "அப்ப உண்மையாப் போன ஆக்களுக்கு என்ன சொல்லுவியள்?" என்றாள்.

"அதுக்கும் அதுதான் மாமி," என்றாள் லண்டன்காரி. குரல் இறங்கிவிட்டது.

அக்கா சுவரிலிருந்த மகனின் படத்தைப் பார்த்தாள். பொட்டு வைக்காத, மாலை போடாத படம்.

"என்ரை பிள்ளை டெட்," என்றாள்.

தமிழில் அவள் வாய்க்கு வராதது பிள்ளைகளின் இங்கிலிசில் வந்துவிட்டது. எந்த நாட்டு அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. படலை தட்டியது. அக்கா எழும்பவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எல்லாருமாகக் கோயிலுக்குப் போனோம். அருச்சனைக்கு உயிரோடு இருப்பவர்களின் பெயரும் நட்சத்திரமும்தான் சொல்வது வழக்கம். இவ்வளவு வருசமும் அக்கா முதலில் மகனைத்தான் சொல்லுவாள். நானும் பக்கத்தில் நின்று புறுபுறுப்பேன். அன்றைக்கு லண்டன்காரியைச் சொன்னாள், பெடியன்கள் இரண்டு பேரையும் சொன்னாள், என்னைச் சொன்னாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். ஐயர் வழக்கமான பெயருக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றார்.

நான் கேட்டது இதைத்தானே? இதற்காகத்தானே அவளோடு மல்லுக்கட்டினேன்? ஐயர் தட்டோடு உள்ளே திரும்பினார். ஐயோ, இந்தத் தட்டு உள்ளே போனால் அவன் போய்விடுவான்.

"ஐயா, நில்லுங்கோ!" என்று கத்தினேன். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் அவன் பெயரைச் சொன்னேன். பூரட்டாதி நட்சத்திரம் என்றும் சொன்னேன்.