வேட்டுச் சங்கு

எங்கள் ஊர் அரியலூர் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டி இருக்கிறது. தினமும் மத்தியானம் பாறைக்கு வேட்டு வைப்பதற்கு முன் சங்கு ஊதுவார்கள். வீடு அதிர்ந்து சுவர் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், போட்டது போட்டபடி எல்லோரும் தெருவுக்கு வந்து நிற்போம்.

"இந்த நாசமாப் போற சங்கு என்னைக்குத்தான் ஓயுமோ" என்று திட்டுவேன்.

பக்கத்து வீட்டு ராசு அண்ணன் அதே சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போன தனிக்கட்டை. இருமிக்கொண்டே கடைசி ஆளாக வந்து, "இன்னைக்கு என்ன கொழம்பு தங்கச்சி?" என்பார்.

கல் தீர்ந்ததும் சுரங்கத்தை மூடினார்கள். சனியன் ஒழிந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாக டிவி பார்த்தேன்.

நாற்றம் வந்த பிறகுதான் ராசு அண்ணன் வீட்டுக் கதவை உடைத்தோம். குன்னத்திலிருந்து ஓடிவந்த அவருடைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒட்டுன வூட்லதானம்மா இருந்த? ஆளக் காணோமேன்னு தோணலையா?" என்று கேட்டார்.

சங்கு ஊதவில்லையே, அதனால் தெரியவில்லை என்றா சொல்வது?

எங்கள் சுவரில் இருந்த விரிசல்களையெல்லாம் பூசி வெள்ளையடித்துவிட்டோம். புதிதாக ஒன்றும் விழவில்லை.