எதிரே நின்று பார்த்த மைதீன்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ராஜபாளையத்திலிருந்து காதர் மைதீனின் மகன் தொலைபேசியில் அழைத்தான். "அத்தா போயிட்டாக, டாக்டர். மத்தியானத் தொழுகைக்குப் பொறவு அடக்கம்" என்று மட்டும் சொன்னான். மதுரையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது பள்ளிவாசல் முன்பு லாரிக்காரர்களும் ஜீப்காரர்களும் கூடி நின்றார்கள். மைதீனை அறிந்த அவர்களுக்காகவும், அவர் யாரிடமும் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்வதற்காகவும் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் இறுதியில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை மருத்துவராக இருந்தேன். மலையடிவாரத் தோப்புகளுக்கு ஓடையையும் கண்மாய்க்கரையையும் தாண்டித்தான் போக வேண்டும். அதற்காகவே சொந்தமாக ஒரு பழைய ஜீப் வைத்திருந்தேன். அதன் முகப்பு விளக்குகள் மங்கல். பொழுது சாய்ந்தால் பள்ளம் எது, நிழல் எது என்று தெரியாது. ஒருமுறை முன்சக்கரம் ஓடைக்குள் இறங்கிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு பசு, வயிற்றுக் கன்றோடு இறந்துபோயிருந்தது. மறுநாளே ராஜபாளையம் போய் ஆட்டோ எலக்ட்ரீசியன் யாரென்று விசாரித்தேன். எல்லோரும் மைதீன் பெயரைத்தான் சொன்னார்கள்.

அவருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். ஹாலஜன் பல்பு இரண்டு மாட்டினால் போதும் என்றேன். "பல்பை மட்டும் மாத்துனா ஒங்க சுவிட்சு உருகிரும் டாக்டர். அம்புட்டு கரண்ட்ட அது தாங்காது. ரிலே வச்சு பேட்டரியில இருந்து தனி ஒயர் இழுக்கணும். செத்த நேரத்து வேலை இல்ல" என்றார். ஒரு நாள் முழுக்க வேலை நடந்தது. எதிர்ச்சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, விளக்கின் திருகாணியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தைக் கோட்டுக்குக் கீழே நிறுத்தினார். அதன்பின் கண்மாய்க்கரையின் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து, இருட்டத் தொடங்கும் வேளையில், கான்சாபுரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் வராததால் ஊர்க்காரர்கள் ஆறு பேர் பின்னால் ஏறியிருந்தார்கள். எதிரே பால்காரர் கருப்பையா சைக்கிளில் வந்தார். நான் வெளிச்சத்தைத் தாழ்த்தினேன். ஆனாலும் அவர் ஒரு கையால் கண்ணை மறைத்தபடி, பாலத்தை ஒட்டிய பள்ளத்தில் சரிந்தார். தோள் எலும்பு முறிந்துவிட்டது. அவரை ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "நல்ல நேரத்துக்கு வந்தீய ஐயா" என்று அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். என் விளக்குதான் காரணம் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

மறுவாரம் ஹாரனைச் சரிசெய்யப் போனபோது, நான் செய்த உதவியாகவே இதை மைதீனிடம் சொன்னேன்.

"எப்பிடி விழுந்தாரு?" என்றார்.

"கண்ணு கூசியிருக்கும்."

"லைட்டத் தாழ்த்தலையா?"

"தாழ்த்தினேனே."

கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். "வாங்க, அவரைப் பாத்துட்டு வருவோம்" என்று கடையைச் சாத்தினார்.

கருப்பையாவின் வீட்டில், நின்றபடியே சொன்னார்: "அண்ணே, ஒங்களைத் தள்ளிவிட்டது எங்க லைட்டு. போட்டது நான்தான். ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் டாக்டர் என்னையக் கூட்டியாந்தாக."

நான் கூட்டிவரவில்லை. அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். அவர் பிள்ளைகள்கூட இன்றுவரை இதை அறிய மாட்டார்கள்.

கருப்பையா என்னைப் பார்த்து, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல ஐயா" என்றார்.

பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம். பிறகு மைதீன் கருப்பையாவின் சைக்கிளை வாங்கிக்கொண்டு அதே பாலத்துக்குப் போனார். அன்று போலவே ஊர்க்காரர்கள் ஆறு பேரைப் பின்னால் ஏற்றி, விளக்கைத் தாழ்த்தி, நான் அவரை நோக்கி மெதுவாக ஓட்டி வர வேண்டும் என்றார். நெருங்கியதும் அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். வண்டியை நிறுத்திவிட்டு ஓடினேன்.

"பின்னால பாரம் ஏறவும் முன்பக்கம் தூக்கிருச்சு டாக்டர். காலி வண்டிய வச்சுல்லா நான் கோடு பாத்தேன்" என்றார். சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே, "பதினெட்டு வருசமா லைட்டு போடுதேன். ஒருக்கா கூட எதுத்தாப்புல நின்னு பாத்ததில்ல" என்றார். ஆறு பேரையும் இறங்கவிடாமல், அங்கேயே வெளிச்சத்தை இறக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "ஏலே, டீயக் குடிச்சிட்டு அஞ்சு பேரு இந்த ஜீப்புல ஏறுங்க" என்று கடைத்தெருவில் அவர் கூப்பிடும்போது நீங்களும் ஏறி உட்கார்ந்திருப்பீர்கள். ஆட்களை ஏற்றிவிட்டு, தானே எதிரில் சைக்கிள்மேல் அமர்ந்து பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுப்பார். ஒரு தோப்புக்காரர், மர உச்சி தெரியும்படி வெளிச்சத்தைத் தூக்கிவைக்கச் சொன்னார். "மரத்துக்குக் கண்ணு இல்ல மொதலாளி, எதுக்க வாறவனுக்கு இருக்கு" என்றார் மைதீன். தோப்புக்காரர் தன் நான்கு ஜீப்புகளையும் வேறு கடைக்குக் கொண்டுபோய்விட்டார். மைதீன் அவரைப் பற்றி ஒரு சொல் தவறாகப் பேசியதில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் செட்டியார்பட்டியில் ஒரு கறவைப் பசுவின் நோயைத் தவறாகக் கணித்தேன். பசு இறந்தது. அந்த வீட்டார் தங்கள் தலையெழுத்து என்று எண்ணி, வந்து பார்த்ததற்கு எனக்கு நன்றிகூடச் சொன்னார்கள். மறுநாள் காலை தனியாகப் போனேன். தவறு என்னுடையது என்றேன். அந்த வீட்டு அம்மாள் தெருவே கேட்கும்படி திட்டினார். திட்டி முடிக்கும்வரை நின்றேன். மைதீனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, அந்த வாசலைவிட்டு நகராமல் நின்ற அந்த நேரம்தான்.