எழுதியது நான்

செபஸ்தியான் இறந்த செய்தி வந்தபோது, நான் உயிரோடு இருப்பதை நிரூபித்துக்கொண்டிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் அவ்வப்போது கணினி மையத்துக்குப் போய் விரல் வைத்து, ஆள் இருக்கிறான் என்று காட்டவேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு மஸ்டரிங் என்று பெயர். பாறசாலை மையத்தில் என் விரலை இயந்திரம் மூன்று முறை ஏற்கவில்லை. நான்காவது முறை வைக்கும்போது கணினி முன்னால் இருந்த பெண் கைப்பேசியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"மாமா, நம்ம செவஸ்தி மந்திரி போயிட்டாராம். ஆஸ்பத்திரியில வச்சாக்கும். இப்பத்தான் மெசேஜ் வந்துது."

வரிசையில் நின்ற ஓர் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எவ்வளவு கூட்டம் வரும் என்றுதான் தோன்றியது. அடுத்ததாக, எனக்கு இதில் பாதியாவது வருமா என்று தோன்றியது. அவனை அறிந்த உங்களிடம் இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. உங்களில் பலருக்கு இது ஏற்கெனவே தெரியும் என்றும் எனக்குத் தெரியும்.

நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். வேலைவாய்ப்பு, ஓய்வூதியத் துறைக்கு அமைச்சராக இருந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு அது வராது. கட்சியின் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். அவன் குளத்தூர் கடற்கரையிலிருந்து வந்தான், நான் செங்கல் கிராமத்திலிருந்து வந்தேன். மனு எழுதுவது என் வேலை. வருகிறவர்கள் தமிழில் சொல்வார்கள், நான் மலையாளத்தில் எழுதுவேன். என் மனுவில் ஓர் எழுத்தைக்கூடத் தாலுகா அலுவலகத்தில் யாரும் திருத்தியது கிடையாது. செபஸ்தியானுக்கு இரண்டு மொழியிலும் எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் ஆட்கள் என்னிடம் மனுவை வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுவார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஒருவரிடம் கேட்டே விட்டேன், எழுதித் தந்தது நான், அங்கே என்ன வேலை என்று.

"அவன் இருக்கச் சொல்லுவான், ஒரு சாயா வாங்கித் தருவான். நீங்க பேரு என்ன, வயசு என்னன்னுல்லா கேப்பியோ" என்றார் அவர்.

தேர்தல் வந்தது. வேட்பாளர் நான்தான் என்று ஊரே பேசியது. நானும் நம்பினேன். பாலராமபுரத்துக்குப் போய்க் கரை வைத்த வேட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கட்சி அவன் பெயரை அறிவித்தது. வாங்கியது வாங்கியதுதானே என்று அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டே அவனுக்காகக் கோஷம் போட்டேன். ஊர்வலத்தின் நடுவில் அவன் என் வேட்டியைத் தொட்டுப் பார்த்தான். "நல்லா இருக்குலே. எங்க எடுத்தே? எனக்கும் ஒண்ணு வேணும்" என்றான். அவன் தெரியாமல்தான் கேட்டான். தெரிந்து கேட்டிருந்தால் எனக்கு வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

அமைச்சரானதும் என்னைத் தன் உதவியாளனாகத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். "நீ இல்லாம எனக்கு அங்க வெள்ளம் குடிக்கவே பேடியாக்கும்" என்றான். தண்ணீர் குடிக்கக்கூடப் பயமாம். அரசுக் காரில் உதவியாளன் முன் இருக்கையில், அமைச்சர் பின் இருக்கையில். வழியில் நிற்கிறவர்கள் என் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கைகாட்டுவார்கள். என் மனைவியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தானே போறியோ, பின்ன என்ன?" என்று சிரித்துவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

இனி அந்த உத்தரவுக்கு வருகிறேன். எங்கள் எல்லைக் கிராமங்களின் தொல்லை உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் விளவங்கோடு பக்கத்தில் பிறந்து இந்தப் பக்கம் கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்கு வயதைக் காட்டும் காகிதமெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும், தமிழில் இருக்கும். முதியோர் ஓய்வூதியத்துக்கு எழுதினால் அதை ஏற்கமாட்டார்கள். ஞானஸ்நானப் பதிவேடோ பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடோ, எல்லைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும், எந்த மொழியில் இருந்தாலும் செல்லும் என்று ஓர் உத்தரவு போடலாம் என்ற யோசனை என்னுடையது. வரைவு எழுதியதும் நான்தான். எனக்கே பெருமையாக இருந்தது.

செபஸ்தியான் அதை விரல்வைத்து மெதுவாகப் படித்தான். இரண்டாவது தடவையும் படித்தான்.

"எலே சுகு, கோயில்ல ஞானஸ்நானமும் இல்ல, பள்ளிக்கொடத்துக்கும் போவல்லன்னு ஆளு உண்டும். அவிய என்ன செய்வாவ? முன்ன டாக்டரு வயசு எழுதிக் குடுத்தா போதும்னு உண்டும்லா. அந்த வரிய காணல்லியே."

அந்த வரியை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். மருத்துவர் சான்று என்று எழுதினால் ஆளாளுக்கு வயதைக் கூட்டி வாங்கிவருவார்கள், உத்தரவின் அழகு போய்விடும் என்று நினைத்தேன். அதைச் சொல்லியிருக்கலாம், அவன் யோசித்திருப்பான். ஆனால் கோணல் எழுத்துக்காரன் என் வரைவில் குறை கண்டுபிடித்தது எனக்குச் சுருக்கென்று தைத்தது. "இந்தக் காலத்துல அப்பிடி ஆளு ஆரு உண்டு? ஒனக்கு இதொண்ணும் மனசிலாவாது. ஒப்பு போடு" என்றேன். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

பாறசாலையில் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அவனுடைய பையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் நின்றேன். என் பெயர் வரும் என்று காத்திருந்தேன். அவன் மைக்கைப் பிடித்து, "இது எந்த அதிகாரியும் சொல்லித் தந்தது இல்ல. நானே இருந்து எழுதினதாக்கும்" என்றான். கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. திரும்பும்போது காரில் பின்னாலிருந்து ஏத்தங்காய் வறுத்த உப்பேரிப் பொட்டலத்தை நீட்டினான். "கோவமா? ஆளுக்க பேரொக்க சொல்லி நின்னா நேரமாயிப் போவும்லே" என்றான். அவன் மகான் ஒன்றும் இல்லை என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். அன்றைக்கு உப்பேரியைத் தின்றேன், அவனோடு பேசவில்லை.

ஆறேழு மாதத்தில் விஷயம் தலைகீழானது. உத்தரவில் இரண்டு பதிவேடு மட்டுமே இருந்ததால், மருத்துவர் சான்று கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் ஓய்வூதியம் நின்றுபோனது. பள்ளிக்கூடம் பார்க்காத, ஞானஸ்நானம் இல்லாத இந்துக் குடும்பத்துப் பெண்கள்தான் அதில் அதிகம். அவர்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். தாயம்மை என்பவர் முன்வரிசையில் இருந்தார். அப்படி ஆள் யார் உண்டு என்று நான் கேட்டதற்கு அவ்வளவு பேர் பதிலாக வந்திருந்தார்கள்.

சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர் எழுந்து, இதை எழுதியது யார், பெயரைச் சொல்லுங்கள், ஆளை வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். நான் அதிகாரிகள் இருக்கும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அவன் ஒரு பெயர் சொன்னால் போதும், எனக்கு வேலையும் போகும், ஊரில் தலைகாட்டவும் முடியாது. அவன் எழுந்து மலையாளத்தில் சொன்னான்: "எழுதியது ஞானாணு. தெற்றும் என்றேதாணு." எழுதியது நான், தவறும் என்னுடையது. பாறசாலை மேடையில் சொன்ன அதே வார்த்தை. இந்தமுறை யாரும் கைதட்டவில்லை.

வெளியே வந்ததும், "நீ அன்னைக்கே கேட்டேல்லியா" என்றேன்.

"கேட்டேன். பெறவு ஒப்பு போட்டது நான்தானே. போ மக்கா, ரெண்டு சாயா சொல்லு" என்றான்.

அந்த இடத்தில் எனக்கு நன்றி பொங்கியிருக்கவேண்டும். பொங்கியது வேறு. கைதட்டலையும் எடுத்துக்கொண்டான், திட்டையும் எடுத்துக்கொண்டான், எனக்கென்று என்ன விட்டான் என்றுதான் மனம் கறுவியது. உத்தரவைத் திருத்துவதற்குள் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. அடுத்த தேர்தலில் அவன் தோற்றான். அந்த உத்தரவால்தான் தோற்றான் என்று நீங்கள் எல்லோரும் பேசினீர்கள். நானும் தலையாட்டினேன்.

குளத்தூர் கோயில் முற்றத்தில் அவனைக் கிடத்தியிருந்தபோது கூட்டம் சாலைவரை நின்றது. நான் தலைமாட்டில் நின்றேன். வரிசையில் தாயம்மை வந்தார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசுவதுபோல் பேசினார்.

"எனக்க மக்கா, நீ எழுதின உத்தரவுக் கடலாசாக்கும் எனக்க பென்ஷன நிப்பாட்டுனது. அப்ப எனக்க கெட்டின ஆளுக்கு மருந்து வாங்க ஒரு வழியில்ல. அந்தக் கோவம் எனக்கு இப்பவும் உண்டு. ஆனாலும் வந்தேன், கேட்டியா."

சேலைத் தலைப்பால் அவன் நெற்றியைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க கூடவே இருந்த சார் அல்லியா? எழுதும்ப ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

நான் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன். "சொன்னேன். அவன் கேக்கல்ல" என்றேன்.

அவன் முகம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. செத்துக் கிடக்கிறவனுடைய கேள்வியையும் நான் எனதாக்கிக்கொண்டேன். அத்தனை கூட்டமும் அவனுக்காக அழுதுகொண்டிருந்தது. அதில் ஒரே ஒருத்தியாவது என்னை நல்லவன் என்று நினைக்கட்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். தாயம்மை என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நகர்ந்தார். அந்தக் கையை இன்றுவரை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து உண்மையைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். இருக்கச் சொன்னார். சாயா தந்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்விதான்: அவிய என்ன செய்வாவ? எந்த மனு எழுதினாலும் கடைசியில் அதைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்கும்போதெல்லாம் இது எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்று எரிச்சல் வருகிறது. பாராட்டுக் கூட்டத்துக் கைதட்டல் அவனிடமே இருக்கட்டும், அதற்கு இனி நான் வழக்குப் பேசவில்லை. தவறு மட்டும் என்னுடையது. அதை அவன் பெயரில் விட்டுவைக்க என்னால் முடியவில்லை.

தாயம்மைக்குப் படிக்கத் தெரியாது. அவர் பள்ளிக்கூடம் போகாததில்தானே எல்லாம் ஆரம்பித்தது. இந்த மலர் கைக்கு வருகிறவர்களில் அவர் வீட்டுக்கு அருகில் இருப்பவர்கள் யாராவது இந்தப் பக்கத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். நடுவில் நிறுத்தவேண்டாம், அவர் திட்டினாலும் முழுதும் படியுங்கள். முடித்ததும் இதை எழுதியது யார் என்று கேட்பார். செங்கல் சுகுமாரன் என்று சொல்லுங்கள்.