கம்பிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே

தண்டையார்பேட்டைப் பட்டறையில் ரோசி முப்பது வருடம் பால் பாட்டில் நிப்பிள் செய்தாள். கம்பிகளை ரப்பர் கரைசலில் முக்கி எடுப்பதுதான் வேலை. கடிகாரம் பார்த்ததில்லை. ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் கம்பி மேலே வந்துவிட வேண்டும். இருபது நொடி. முன்பின் ஆகாது.

டாக்டர் மெஹ்னாஸ் அவளைத் தேடி வந்தது வேறொன்றுக்கு. அடிபட்ட காலில் ரத்தக்குழாய் அறுந்தால், தைத்து முடிக்கும்வரை ரத்தம் ஓட ஒரு சின்ன இணைப்புக் குழாய் வேண்டும். ஆராய்ச்சிக்காக அதைப் புது மாதிரியில் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் இப்படிக் கம்பியில் முக்கித்தான் எடுக்க வேண்டும். ரோசி உடனே ஒப்புக்கொண்டாள். அவள் கணவர் ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் அடிபட்டு, காலுக்கு ரத்தம் போய்ச் சேராமல் அதை இழந்தவர். அந்தக் குழாய் தன் கையால் ஆகவேண்டும் என்று அவளுக்கு ஆசை.

முதல் மாதிரிகள் நன்றாகவே வந்தன. அடுத்தது, குழாயை நூலால் கட்டி, ரத்தத்துக்குப் பதில் சிவப்புத் தண்ணீரை ஆறு மணி நேரம் ஓடவிடும் சோதனை. அதற்கென்று செய்தவை, நூல் கட்டிய இடத்தில் வரிசையாகக் கிழிந்தன. சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வெளியூர்க் கம்பெனியைப் பார்க்க வேண்டியதுதான் என்றார் மெஹ்னாஸ்.

மகன் பென்னி இன்ஜினியர். கரைசலைச் சோதித்தான், சூட்டைச் சோதித்தான். குறையில்லை. கடைசியில் அம்மா பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கம்பி மேலே வர நாற்பத்தைந்து நொடி. மெதுவாகத் தூக்கினால் பூச்சு மெலிந்துவிடும்.

உதடு இன்னும் அசைகிறதே என்று கேட்டான். பெரிய சோதனையாச்சே என்று கம்பிக்கு ஒரு பரலோக மந்திரம் என்று இன்னொரு ஜெபத்தையும் சேர்த்துக்கொண்டாளாம்.

"நல்லா வரணும்னு தானே சொன்னேன்? அதுல இன்னா தப்பு கீது?"

"தப்பில்லம்மா. அத பஸ்ல குந்திகினு சொல்லு. கம்பிக்கு ஒண்ணு போதும்."

வீட்டில் ஸ்டானிஸ்லாஸ் சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்தது. ஜெபம் அதிகமாகி வேலையைக் கெடுத்தவள் ராயபுரத்திலேயே இவள் ஒருத்திதான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை ஆறு மணி நேரமும் சிவப்புத் தண்ணீர் ஓடியது. ஒரு குழாய்கூடக் கிழியவில்லை. ரோசி ஓரமாக உட்கார்ந்து, பாக்கி வைத்த பரலோக மந்திரங்களை அங்கேயே சொல்லித் தீர்த்தாள். செய்முறைத் தாளில் தூக்கும் நேரம் என்ன எழுதலாம் என்று மெஹ்னாஸ் கேட்டார்.

"ஒரு அருள் நிறைந்த மரியேன்னு எழுதுமா."

மெஹ்னாஸ் அப்படியே எழுதினார். பக்கத்தில் இருபது நொடி என்றும்.

போன மார்ச்சில் ரோசி இறந்துவிட்டாள். இப்போது கம்பியைத் தூக்குவது மோட்டார். அதைப் பொருத்தியவன் பென்னி. முதல் தடவை ஓடவிட்டபோது ஒரு 'அருள் நிறைந்த மரியே'யை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். சொல்லி முடிக்கவும் கம்பி மேலே வரவும் சரியாக இருந்தது.