பெஞ்சில் உட்கார்ந்து படித்த கடிதம்

ஓர் அலுவலகக் கடிதத்தைப் பிரித்ததும், செய்யாத குற்றத்துக்கு நீங்கள் எப்போதாவது நடுங்கியதுண்டா?

நெஞ்சக நோய் மருத்துவமனையில் பத்தொன்பது வருடமாகத் தட்டச்சு வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு அந்த நடுக்கம் தெரியும். மேலதிகாரி சொல்லும் முழநீள வாக்கியங்களைத் துண்டுதுண்டாக நறுக்கிப் புள்ளி வைப்பதால், அவருக்குப் 'புள்ளியம்மா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அன்று ஒரு தையல்காரப் பெண்ணின் கோப்பு மேசைக்கு வந்தது. நுரையீரலில் நோய் உறுதியாகியிருந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். இரண்டு கடிதம் போயும் ஆள் வரவில்லை. மூன்றாவதுக்கும் வராவிட்டால் சிகிச்சைப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

மேலதிகாரி வழக்கம்போல் சொன்னார்: "இருமுறை அறிவுறுத்தப்பட்டும் ஆஜராகத் தவறிய தாங்கள், ஏழு தினங்களுக்குள் ஆஜராகத் தவறும் பட்சத்தில்..."

"சார், இது நோயாளிக்கா, திருடனுக்கா?"

"எல்லாருக்கும் இதானேம்மா போகுது!"

"போகுது சார். ஆளுங்கதான் வர மாட்டேங்கறாங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீயே எழுது. கெடு மட்டும் விட்டுப்போகக் கூடாது."

புள்ளியம்மா ஆசையாக எழுதினார். 'அன்புச் சகோதரி, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். எது வந்தாலும் நாங்கள் உடனிருப்போம்.' பிறகு தன் வழக்கப்படி, நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்து உரக்கப் படித்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த பெண் துடைப்பதை நிறுத்தினாள்.

"யக்கா, இதைப் படிச்சா நான் உயில் எழுதி வச்சிட்டுப் படுத்துடுவேன்."

புள்ளியம்மாவுக்குச் சுருக்கென்றது. மேலதிகாரியின் சொற்கள் அதட்டின, சரி. தன் சொற்களோ அழுதுகொண்டே நின்றன. பிழைக்கப்போகிற ஒருத்திக்கு இப்படியா துக்கம் விசாரிப்பது? தாளைக் கிழித்துப்போட்டார்.

'அம்மா, உங்களுக்கு நோய் இருக்கிறது. ஆறு மாத மருந்தில் குணமாகும். மருந்து இங்கே இருக்கிறது. செவ்வாய் காலை எட்டு மணிக்கு வாருங்கள். பத்துக்குள் வேலைக்குத் திரும்பிவிடலாம். நீலக் கதவு, இரண்டாவது மேசை. நான் இருப்பேன். ஏழு நாள் தாண்டினால் உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் வந்துவிடுங்கள்.'

மறுபடி பெஞ்சு. மறுபடி உரக்க.

"இப்ப?"

"இப்ப செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவேன்க்கா."

செவ்வாய் எட்டடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, கழுத்தில் அளவுநாடாவைக் கழற்ற மறந்த பெண் ஒருத்தி நீலக் கதவருகே தயங்கி நின்றாள். கையில் மூன்று கடிதங்கள்.

"முதல் ரெண்டையும் பாத்து, என்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துட்டேங்க. இதுலதான் எட்டு மணின்னு போட்டிருந்துச்சு. ரெண்டாவது மேசை... நீங்கதானா?"

"நான்தாம்மா. உக்காரு." புள்ளியம்மா தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

அந்த முதல் இரண்டு கடிதங்களிலும் பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் ஓர் உயிரை வாசலோடு திருப்பி அனுப்பப் பார்த்தன. இதை விதி என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன். எழுதியது மனிதக் கை.

உங்கள் மேசையிலும் கையெழுத்துக்கு ஒரு கடிதம் காத்திருக்கும். அனுப்புமுன், அதைப் பெறப்போகிறவர் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து, ஒரு தரம் உரக்கப் படித்துவிடுங்கள்.