எங்கள் அம்மா வீட்டு நிறம்

என் அம்மாவின் குடும்பத்துக்குச் சொத்து கிடையாது, நிறம் உண்டு. மட்டாஞ்சேரியில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அம்மாவும் மாமாவும் பந்தியில் உட்கார்ந்து, யார் வெளுப்பு, யார் மாநிறம் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார்கள். மாமாவுக்கு வாய்த்த மாமிதான் கறுப்பு. "பொண்ணு பாக்கப் போன அன்னிக்குக் கரண்ட் இல்லை" என்று அம்மா இன்றும் சொல்வாள், மாமியின் காதுபட.

அந்த மாமியின் மகனைத்தான் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். முறைப்பையன், ஜாதகமும் பொருந்தியது. "கோத்ரம் வேறயாச்சே, பின்னே எந்தா தடை?" என்றார் மாமா.

கோத்திரம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது, ஒய் குரோமோசோமைப் போல. மிச்சமுள்ள நாற்பத்தைந்து குரோமோசோம்களும் எந்த வழியாக வருகின்றன என்று எங்கள் முன்னோர் யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

கல்யாணப் பேச்சு நடக்கும்போதே எனக்கு ஓயாத களைப்பு. சுள்ளிக்கலில் ஒரு லேடி டாக்டர் ரத்தத்தைச் சோதித்தார். சிறுவயதிலிருந்து நான் குடித்த இரும்பு டானிக்கெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். எனக்குத் தலசீமியா மரபணு ஒன்று இருந்தது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் ஒவ்வொன்றாக வரும் ஜோடியில் ஒன்று பழுது, ஒன்று சரி. அதனால் எனக்குப் பெரிய ஆபத்தில்லை, கொஞ்சம் சோகை மட்டும்தான். ஆனால் கட்டிக்கொள்பவனுக்கும் அதே பழுது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டுமே பழுதாக வந்து ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்றிக்கொள்ள. அம்மாவையும் மாமா மாமியையும் சோதித்தார்கள். மாமிக்கு ஒன்றுமில்லை, மற்ற இரண்டு பேருக்கும் அதே பழுது. பந்தியில் பீற்றிக்கொண்ட வெளுப்பில் பாதி சோகை!

"எங்காத்து நெறத்தைப் போய் வியாதிங்கறாளே, இவள்லாம் ஒரு டாக்டரா?" என்று அம்மா கொதித்தாள்.

இனி சோதிக்க வேண்டியது மாமி மகனின் ரத்தம். மாமாவின் ஜோடியிலிருந்து அவனுக்கு எது வந்தது என்பது பூவா தலையா.

"இருந்தா?" என்று அவனிடம் கேட்டேன்.

"இருந்தா வேண்டாம்டி. ஒரு கொழந்தையை வெச்சு நாம சூதாட வேண்டாம்" என்றான்.

சரி என்றேன். அவன் போனபிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு அவன்தான் வேண்டும். வேறு யாரும் வேண்டாம்.

அவனுக்கு இல்லை. ரிப்போர்ட்டை எல்லார் முன்னாலும் படித்தான். சாயா டம்ளர்களோடு வந்த மாமி நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள்.

"கேட்டேளா? என் புள்ளை என்னை உரிச்சு வெச்சிருக்கான். இந்தக் கறுப்புதான் காப்பாத்தித்து."

மாமா சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

உண்மையில் மாமிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவள் கொடுத்தது எப்படியும் நல்லதுதான். சூதாட்டம் நடந்தது மாமாவின் பாதியில். கறுப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம் மாமி, உங்க கறுப்புதான்" என்றேன், அம்மாவின் காதுபட.