புதுக் கண்ணுக்கு ஓர் உறை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்பாய் தாராவியில் எனக்குப் பழக்கமான செல்லையாவைப் பார்க்கப் போனேன். அவருக்குத் தோல் பதனிடும் கொட்டகையில் வேலை. சில வருஷங்களுக்கு முன் சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்து இரண்டு கண்ணும் கெட்டவர். வலது கண்ணில் ஏதோ மங்கலாகத் தெரியும். இடது கண் வெளுத்தே போயிற்று. இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவானின் கருவிழிப் படலத்தை எடுத்து அதில் தைத்தார்கள். ஆபரேஷன் பிரமாதமான வெற்றி!

அந்த வெற்றியை மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பச்சைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்!

"என்னய்யா இது, நல்ல கண்ணை மூடிட்டு நொள்ளைக் கண்ணால தடவிட்டு நடக்கறீர்?"

"பத்திரமாப் பாத்துக்கிடணும்னு டாக்டர் சொன்னாருல்லா சார்? தெனம் பொழங்குனா தேஞ்சி போயிரும். மவ கல்யாணத்துக்குன்னு வச்சிருக்கேன்."

சினிமாவுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் மட்டும் துணி விலகுமாம்!

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ரேடியோவுக்குப் பூப்போட்ட உறை இல்லையா? வராத விருந்தாளிக்காக எவர்சில்வர் டம்ளர்கள் பரணில் காத்திருக்கவில்லையா? நாம் அனுபவிக்கிற கூட்டம் இல்லை, எடுத்து வைக்கிற கூட்டம்...

அவர் மனைவி பொன்னம்மாதான் போட்டு உடைத்தாள். "அந்தத் துணிய அவுத்துப் பாருங்க சார். நாலஞ்சு நாளா தண்ணியா வடியுது. கேட்டா தூசிங்காவ."

அவிழ்த்தேன். கண் செக்கச்செவேல் என்றிருந்தது. நடுவில் லேசாகப் பால் படர்ந்திருந்தது. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். நல்லவேளை, ஆபரேஷன் செய்த டாக்டரே இருந்தார்.

அவர் இந்தியில் கத்தின கத்தலை நாகரிகமாகத் தமிழில் தருகிறேன் — "பார்ப்பதால் கண் தேயாது! பத்திரம் என்றால், சிவந்தாலோ மங்கினாலோ அன்றைக்கே ஓடி வருவது. எத்தனை வருஷமானாலும் உடம்பு திடீரென்று 'இது என்னுடையதில்லை' என்று சண்டைக்குக் கிளம்பும். திறந்து வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்குமே!"

செல்லையா அழுதேவிட்டார். "மவ கல்யாணத்தப் பாப்பேனா சார்?"

டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். சீட்டைக் கிழித்து என் கையில் திணித்தார்.

நேற்று மறுபடி போனேன். துணி இல்லை. சிவப்பு இல்லை. பாலும் விலகிவிட்டது. கீழ் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை தங்கிவிட்டது. அது இனிப் போகாதாம். செல்லையா அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

பொன்னம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்த ஓரந்தான் நீங்க மிச்சம் புடிச்சது. மத்ததையாவது தொறந்து வச்சுப் பாருங்க!"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாதுங்காவில் என் வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் ரேடியோ உறையைக் கழற்றி எறிந்தேன்.

என் மனைவி அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மறுபடி மாட்டிவிட்டாள்.